நீர்யானைக்கு ஒரு வாழ்த்துரை

அப்பா: ...ஆகவே, தலைவர் அவர்களே, வருகை தந்திருக்கும் சான்றோர்களே, இந்த நீர்யானையை நான் பலமுறை நேரிலே சந்தித்திருக்கிறேன்... எப்படி இருக்கு ஆரம்பம்?

அம்மா: எங்க சந்திச்சீங்க?

அப்பா: எதை?

அம்மா: நீர்யானையை. நேர்ல சந்திச்சேன்னு சொன்னீங்களே.

அப்பா: ஃபேக்டரியிலதான். ஷிப்டுக்கு ஒண்ணு இருக்கும். ஹெல்மெட்டைக் கூடை மாதிரி கையில தொங்கவிட்டுக்கிட்டுப் போகும். அது தலைக்குடா, தலைக்குடான்னு கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம்.

அம்மா: சரி, கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க. பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க.

அப்பா: மாத்தியா... இது புது ஸ்டைல்.

அம்மா: ஒரு பக்கம் காலர் காதைத் தொடுது. இன்னொரு பக்கம் காணவே காணோம். அசையாதீங்க.

அப்பா: நீ பட்டனைப் போடு, நான் பேச்சைச் சொல்றேன். "முதன்மைப் பாதுகாப்பு அலுவலர் என்ற முறையில், என் நீண்ட நெடிய அனுபவத்தில்..."

அம்மா: ஏங்க, நம்ம பொண்ணு வரைஞ்ச கார்ட்டூன் புத்தக வெளியீடு இது. நாலு பேர் வந்து சிரிச்சுட்டுப் போற விழா. இதுல பாதுகாப்பு எங்க வந்துச்சு?

அப்பா: பாதுகாப்பு எங்கதான் இல்ல? மேடைக்குக் கைப்பிடி இருக்கா, தீப்பிடிச்சா எந்த வாசல் வழியா வெளிய போகணும்... இதெல்லாம் சொல்லாம ஒரு வாழ்த்துரையா?

அம்மா: வாழ்த்துரையில தீ வேற பிடிக்குதா?

அப்பா: மூணாவது பக்கத்துல.

அம்மா: மொத்தம் எத்தனை பக்கம்?

அப்பா: சுருக்கமாத்தான் எழுதியிருக்கேன். ஒன்பது.

அம்மா: ...உக்காருங்க.

அப்பா: கசங்கிடும்.

அம்மா: கசங்கட்டும். கிளம்புறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நானா சொல்லல, அவதான் சொல்லச் சொன்னா. விழா ஹாலுக்குக் கிளம்பும்போது செருப்பைப் போட்டுட்டு மறுபடியும் கழட்டிட்டு உள்ள வந்தா. "அம்மா, அப்பா மேடையில ஏறுறதுக்கு முன்னாடி நீ சொல்லிடணும், மறந்துடாத"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா.

அப்பா: என்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன புலியா?

அம்மா: உங்க முகத்தைப் பார்த்தா வாய் வரலையாம். மூணு தடவை உங்க முன்னாடி வந்து நின்னுட்டு, காபி வேணுமான்னு கேட்டுட்டுப் போயிட்டாளாம்.

அப்பா: அதான் காலையில இருந்து காபியா வந்துச்சா... நான் ஏதோ இன்னைக்கு எனக்கு மரியாதை கூடிப்போச்சுன்னு நெனச்சேன்.

அம்மா: மரியாதைக்கு ஒரு கப்தான். மீதி எல்லாம் பயம்.

அப்பா: என்ன பயம்? பேச்சைக் குறைக்கணுமா? பதிப்பாளர் ஏதாவது சொன்னாரா? தீயை வேணா எடுத்துடறேன்.

அம்மா: பேச்சு இல்லைங்க... அந்தப் புத்தகத்தை எடுங்க. முழுசா பார்த்தீங்களா?

அப்பா: பார்க்காமலா? இண்டர்நெட்ல ஒவ்வொண்ணா வந்தப்பவே பார்த்தவன் நான். ரெண்டு கட்டம். முதல் கட்டத்துக்கு மேல 'நெனச்சது'ன்னு எழுதியிருக்கும், ரெண்டாவதுக்கு மேல 'நடந்தது'ன்னு இருக்கும். இதுக்கெல்லாம் கோனார் உரையா வேணும்?

அம்மா: மீம்ஸ் எல்லாம் உங்களுக்குப் புரியுதா என்ன?

அப்பா: ஊருக்கே புரியுது, எனக்குப் புரியாதா? பல் டாக்டர் எனக்கே அனுப்பி வச்சார். எங்க எம்.டி. பாதுகாப்பு வகுப்புல பெருசா திரையில போட்டுக் காட்டி, "யாரும் இப்படி இருக்காதீங்க"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க.

அம்மா: நீங்க?

அப்பா: முதல் வரிசையில உக்காந்து சத்தமா சிரிச்சேன். உன் தம்பியும் அனுப்பினான். "மாமா, இதைப் பார்த்தா யாரோ ஞாபகத்துக்கு வர்றாங்க"ன்னு.

அம்மா: என்ன பதில் போட்டீங்க?

அப்பா: "எனக்கும்"னு போட்டேன்.

அம்மா: யாருன்னு அவன் கேக்கலையா?

அப்பா: கேட்டான். கேன்டீன் கான்ட்ராக்டர்னு சொல்லிட்டேன்.

அம்மா: அந்த மனுஷன் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினார்... சரி, இந்தப் பக்கத்தைப் பாருங்க.

அப்பா: ஆங், அலமாரி. டிரில் மெஷினைத் தோள்ல சாய்ச்சு வச்சுக்கிட்டு நீர்யானை போருக்குப் போற மாதிரி நிக்குது பாரு. 'நடந்தது'ல அலமாரி கழுத்துல மாட்டியிருக்கு, புத்தகம் எல்லாம் தரையில. அபாரம்.

அம்மா: நம்ம ஹால்லயும் ஒரு அலமாரி...

அப்பா: அது வேற. அது சுவரோட கோளாறு.

அம்மா: அலமாரி உங்க கழுத்துலதான் இருந்துச்சு.

அப்பா: சுவர் கைவிட்டுருச்சு, கழுத்து தாங்கிப் பிடிச்சுது. நியாயமா பார்த்தா கழுத்தைப் பாராட்டணும்.

அம்மா: அடுத்த பக்கம். குழாய்.

அப்பா: இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. கையில ஸ்பானரோட ஒரு கம்பீரம். அடுத்த கட்டத்துல சமையலறையே நீச்சல்குளம். அறிவு இருக்கா அந்த மிருகத்துக்கு? குழாய்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி மேல இருக்கிற வால்வை மூடணும். இது அரிச்சுவடி.

அம்மா: நீங்க மூடினீங்களா?

அப்பா: நான் எதுக்கு மூட... நான் நீர்யானையைச் சொல்றேன்.

அம்மா: நானும் அதைத்தான் கேக்கறேன்.

அப்பா: ...அடுத்த பக்கத்தைத் திருப்பு.

அம்மா: தலைக்கு டை அடிக்கிறது.

அப்பா: இதுல ஒரு பிழை இருக்கு. நீர்யானைக்கு முடியே கிடையாது. பேச்சுல இதைச் சுட்டிக்காட்டலாமான்னு யோசிச்சுட்டிருக்கேன்.

அம்மா: உங்களுக்கும் ஒண்ணும் காடு மாதிரி இல்ல.

அப்பா: இருக்கிறது தரமா இருக்கு.

அம்மா: காலையில எழுந்தா தலை வெள்ளை, தலையணை கறுப்பு. என் தலையணையும் சேர்த்து. அதை அப்படியே வரைஞ்சிருக்கா பாருங்க.

அப்பா: தற்செயல்.

அம்மா: அடுத்ததும் தற்செயலா? ஷூ போட்டுக்கிட்டு மானாட்டம் ஓடறது... ரெண்டாவது கட்டத்துல பார்க் பெஞ்சுக்கு முன்னாடி வாயில பன்னோட விழுந்து கிடக்கு. ரெண்டு ஷூ கயிறும் ஒண்ணா முடிச்சுப் போட்டிருக்கு.

அப்பா: உடற்பயிற்சி பண்ற எல்லாருக்கும் வர்ற சோதனை.

அம்மா: சரி, நீர்யானையை விடுங்க. பக்கத்துல ஒரு கொக்கு நிக்குதே எல்லாப் படத்துலயும்... அது யாருன்னு நெனைக்கிறீங்க?

அப்பா: கொக்கா... பொறுமையான பறவை. எங்க பிடிச்சாளோ.

அம்மா: வெள்ளைக் கோட்டு போட்டிருக்கு.

அப்பா: கொக்குன்னா வெள்ளையாத்தான் இருக்கும்.

அம்மா: கோட்டுப் பையில 'மருந்தாளுநர்'னு எழுதியிருக்குங்க.

அப்பா: ...படிச்ச கொக்கு.

அம்மா: இந்த ஊர்ல என்னை மாதிரி மருந்துக்கடை வச்சிருக்கிற கொக்கு எத்தனை இருக்கும்? அந்தக் கொக்குக்கு வாக்கப்பட்ட நீர்யானை யாராயிருக்கும்?

அப்பா: நீ என்ன சொல்ல வர்ற?

அம்மா: நான் சொல்லட்டுமா, இல்ல நீங்களே சொல்றீங்களா?

அப்பா: கழுத்துல கட்டற டை எங்க? நேரமாச்சு.

அம்மா: என் கையில இருக்கு. சொல்லாம தர மாட்டேன்... இங்க பாருங்க. இன்னைக்கு நீங்க பேசி முடிச்சதும் பதிப்பாளர் மைக்கைப் பிடிக்கப் போறார். "அந்த நீர்யானை இப்ப உங்க முன்னாடிதான் நிக்குது"ன்னு சொல்லி உங்களைக் காட்டப் போறார். ஹாலே திரும்பிப் பார்க்கும். அந்த நேரத்துல மேடையில நீங்க என்ன பண்ணுவீங்களோன்னுதான் அவளுக்குப் பயம். புத்தகம் வித்தாலும் விக்காட்டியும் பரவாயில்ல, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுங்கறா. ஏதாவது ஆச்சுன்னா பேனாவையே தொட மாட்டாளாம்.

அப்பா: ...அப்படியா சொன்னா?

அம்மா: சொன்னா.

அப்பா: தொட மாட்டேன்னா சொன்னா?

அம்மா: ஆமாங்க.

அப்பா: இந்தா, இந்த ஒன்பது பக்கத்தையும் கொஞ்சம் பிடி.

அம்மா: என்னங்க, என்ன ஆச்சு?

அப்பா: தெரியும்.

அம்மா: என்ன தெரியும்?

அப்பா: நீர்யானை நான்தான்னு. முதல் படம் வந்த அன்னைக்கே தெரியும். வயித்தைப் பார்த்ததும் கண்டுபிடிச்சுட்டேன். அளவெடுத்த மாதிரி இருந்துச்சு.

அம்மா: அப்புறம் எதுக்கு இந்தக் கேன்டீன் கான்ட்ராக்டர், அரிச்சுவடி எல்லாம்?

அப்பா: அவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதான். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ பார்த்துப் பார்த்து வரைய ஆரம்பிச்சுடுவா. அப்பா மனசு நோகுமோ, வயித்தைக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போடலாமோன்னு. நீர்யானைக்கு இஸ்திரி போட்ட சட்டை வந்துடும். அதுக்கப்புறம் யார் சிரிப்பா?

அம்மா: ம்.

அப்பா: அவ வேலை போய் வீட்டுக்கு வந்தாளே, ஞாபகம் இருக்கா... அந்த ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினவதான். நீ சாப்பாட்டை வாசல்ல வைப்ப. பாதி திரும்பி வரும். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு என்னென்னவோ பேசுவேன். "வாழ்க்கையில ஏற்ற இறக்கம் சகஜம்"னு...

அம்மா: சுவத்துல ஒட்டற போஸ்டர் மாதிரியே பேசுவீங்க.

அப்பா: எனக்கு வேற என்ன தெரியும்? தொழிலாளிக்குப் பேசிப் பேசி அப்படியே வந்துடுது... அப்பத்தான் அந்த அலமாரி. சத்தியமா சொல்றேன், அதை ஒழுங்கா மாட்டணும்னுதான் ஏறினேன். அது சுவத்துலேர்ந்து பிச்சுக்கிட்டுக் கழுத்துல விழுந்தப்போ எனக்கு முதல்ல வலி தெரியல. உள்ள இருந்து ஒரு சத்தம் கேட்டுது. என்னடான்னு காதைத் தீட்டினேன். சிரிக்கிறா. கதவை லேசா திறந்து, என் கோலத்தைப் பார்த்துட்டு, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா.

அம்மா: நானும்தான் பார்த்தேன். மூக்குல தண்ணி வர்ற மாதிரி சிரிச்சா.

அப்பா: மறுநாள் அந்தப் படத்தை வரைஞ்சு போட்டா. எத்தனையோ பேர் பார்த்தாங்களாமே... ராத்திரி நம்மகூட உக்காந்து சாப்பிட்டா. அப்புறம் நாலு நாள் நல்லாயிருந்தா. அஞ்சாம் நாள் மறுபடியும் கதவு.

அம்மா: அந்த வாரம்தான் குழாய்.

அப்பா: ...ஆமா.

அம்மா: குழாய்க்கு என்ன கோளாறு?

அப்பா: ஒரு கோளாறும் இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு.

அம்மா: வால்வு?

அப்பா: மூடியிருந்துச்சு. நான்தான் போய்த் திறந்தேன்.

அம்மா: தலைக்கு அடிச்ச டை?

அப்பா: அட்டையில போட்டிருக்கிறதை நாலு தடவை படிச்சேன். அலசாம படுத்தா என்ன ஆகும்னு அதுலயே தெளிவா இருக்கு. தலையணை உறைகூட பழசாப் பார்த்துத்தான் மாத்தி வச்சேன்.

அம்மா: என்னோடது புதுசு.

அப்பா: அது நான் தூக்கத்துல புரண்டது. திட்டத்துல இல்ல.

அம்மா: ஷூ கயிறு?

அப்பா: நானேதான் கட்டினேன். பெஞ்சுல உக்காந்து, ரெண்டையும் சேர்த்து. எதிர்ல ஒரு நாய் என்னையே பார்த்துட்டிருந்துச்சு. ரொம்பச் சங்கடமாப் போச்சு. அவ வாக்கிங் முடிச்சுட்டு வர்ற நேரம் பார்த்து எழுந்து விழணும் இல்ல...

அம்மா: உங்க வயசுல விழறதுன்னா என்னன்னு தெரியுமா? நான் தினமும் கடையில பார்க்கிறேன். ஒரு சின்ன வழுக்கல், அதோட படுத்தவங்க எத்தனை பேர்.

அப்பா: அதெல்லாம் முறையில்லாம விழறவங்க. நான் இதே துறையில இருக்கிறவன். விழறதுக்கு முன்னாடி இடத்தைச் சோதிப்பேன். கூர்மையான மூலை இருக்கக் கூடாது. ஈரம் இருக்கக் கூடாது. எந்தப் பக்கம் சாயறது, எந்தக் கையை ஊனறது, எல்லாத்துக்கும் ஒத்திகை பார்ப்பேன். ஃபேக்டரியில விபத்தைத் தடுக்கிறதுக்குக்கூட நான் இவ்வளவு உழைச்சதில்ல.

அம்மா: ஸ்டூல்லேர்ந்து விழுந்து முட்டி வீங்கி நொண்டினீங்களே, அதையும்தான் வரைஞ்சிருக்கா, அதுக்கும் ஒத்திகை நடந்துச்சா?

அப்பா: அது... கணக்குல ஒரு சின்னப் பிசகு. ஸ்டூல் நான் எதிர்பார்த்ததைவிட நேர்மையா இருந்துச்சு. ஆடவே இல்ல. நானே தாவ வேண்டியதாப் போச்சு.

அம்மா: இன்னைக்கு என்ன திட்டம்?

அப்பா: இன்னைக்கா? ஒண்ணுமில்லையே.

அம்மா: நேத்து சாயந்தரம் வண்டியை எடுத்துட்டு எங்க போனீங்க? கடைக்குப் போறேன்னீங்க, வெறுங்கையா வந்தீங்க.

அப்பா: ...ஹாலைச் சும்மா ஒரு பார்வை பார்த்துட்டு வந்தேன்.

அம்மா: ஹால்ல எதை?

அப்பா: மேடைப் படியை. நல்ல கார்ப்பெட் போட்டிருக்காங்க. தடிமனா. கடைசிப் படியில லேசாத் தடுக்கினா, நேரா அந்தப் பூ ஜாடிக்கு இந்தப் பக்கம்தான்... பயப்படாத. ஜாடியை நகர்த்தி வைக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்.

அம்மா: அவ்வளவு பேர் முன்னாடியா?

அப்பா: அவ்வளவு பேர் முன்னாடிதான். நெனச்சுப் பாரு. முதல் கட்டத்துல கோட்டு, டை, கையில ஒன்பது பக்க வாழ்த்துரை. ரெண்டாவது கட்டத்துல காத்துல பறக்கிற காகிதம், நடுவுல ரெண்டு கால். அடுத்த புத்தகத்துக்கு அட்டைப்படமே அதுதான்.

அம்மா: அதுக்குத்தான் ஒன்பது பக்கமா?

அப்பா: ரெண்டு பக்கம் பறந்தா பார்க்க நல்லாவா இருக்கும்?

அம்மா: ...வேண்டாங்க.

அப்பா: நீ சும்மா இரு. இன்னையோட விழா முடிஞ்சுடும், கைதட்டல் முடிஞ்சுடும். வரைய ஒண்ணும் இல்லைன்னா மறுபடியும் அந்தக் கதவைச் சாத்திக்குவாளோன்னு எனக்கு... உனக்குத் தெரியாது. ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா, முதல்ல அந்தக் கதவுக்குக் கீழ வெளிச்சம் இருக்கான்னுதான் பார்க்கிறேன். முட்டி போனா போகட்டும். ரெண்டு முட்டி இருக்கு. நீ மட்டும் அவகிட்ட எதையும் சொல்லிடாத. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னே இருக்கட்டும். அப்பன் ஒரு மக்குன்னு அவ நெனைச்சுட்டிருக்கிற வரைக்கும்தான் இது ஓடும்.

அம்மா: புத்தகத்தைக் கொடுங்க.

அப்பா: எதுக்கு?

அம்மா: கொடுங்க. இத்தனை தடவை பார்த்தேன்னு பெருமை பேசறீங்களே, ஒண்ணு கவனிச்சீங்களா... குழாய்ப் படத்தைப் பாருங்க. முதல் கட்டத்துல நீர்யானை மூக்குல கண்ணாடி போட்டிருக்கு. ரெண்டாவது கட்டத்துல எங்க இருக்கு?

அப்பா: ...மூக்குல இல்ல.

அம்மா: சட்டைப் பையில. பத்திரமா மடிச்சு வச்சிருக்கு. ஷூ படத்துல?

அப்பா: பையில.

அம்மா: ஸ்டூல் படத்துல?

அப்பா: ...பையில.

அம்மா: அலமாரியில மட்டும் பாருங்க. கண்ணாடி வளைஞ்சு, ஒரு காதுல தொங்குது. ஏன்னா அது ஒண்ணுதான் நிஜமா விழுந்தது. மத்ததுக்கெல்லாம் நீங்க கண்ணாடியைக் கழட்டி, மடிச்சு, பையில வச்சு, மேல ஒரு தட்டு தட்டிட்டுத்தாங்க விழறீங்க.

அப்பா: ...உடைஞ்சா புதுசு வாங்கணுமேன்னு.

அம்மா: வரையற பொண்ணு. அவ கண்ணுக்குத் தப்புமா?

அப்பா: அப்ப அவளுக்கு... எப்பயிலிருந்து?

அம்மா: குழாய்லயிருந்தே தெரியும். என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. ரெண்டு பேரும் அந்த ரூம்ல உக்காந்து கொஞ்ச நேரம் அழுதோம், அப்புறம் சிரிச்சோம்.

அப்பா: இவ்வளவு நாள் என்னை வேடிக்கை பார்த்தீங்களா ரெண்டு பேரும்?

அம்மா: நீங்க அவ்வளவு ஆசையா விழறீங்க, எப்படித் தடுக்கிறது?

அப்பா: ...அப்ப அவ உன்கிட்ட சொல்லச் சொன்னது, நீர்யானை யாருங்கறது இல்லையா?

அம்மா: அது இல்லைங்க. அது உங்க வாயைப் பிடுங்க நான் போட்ட தூண்டில். "படியில கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஏறச் சொல்லும்மா. அப்பா இனிமே விழ வேண்டாம்... எனக்கு இப்பல்லாம் தானாவே சிரிப்பு வருதுன்னு சொல்லு"ன்னா.